வரிகள் சுடுகின்றன, ஆல்பம் பிடிக்கிறது: எமினெமை இன்னும் கேட்பவர்கள் உண்டா?

ஈசூன்வாசி எழுதியது:

கேள்வியை நேராகவே வைத்துவிடுகிறேன். அமெரிக்க ராப்பர் எமினெமின் ‘தி மார்ஷல் மேதர்ஸ் எல்பி’ ஆல்பம் 2000ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். இன்றும் கேட்கிறேன், வேலைக்குப் போகும் ரயிலில், ராத்திரி பாத்திரம் கழுவும்போது. ராப்பில் அதற்கு மேல் ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை. ஆனால் அதே ஆல்பத்தில் பெண்களைப் பற்றியும் தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பற்றியும் வருகிற வரிகளை என் மகள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு. இரண்டும் எனக்குப் போதவில்லை.

“நான் பீட்டை மட்டும்தான் கேட்கிறேன், வரிகளைக் கவனிப்பதில்லை” என்பது ஒன்று. ராப்பில் அப்படிப் பிரிக்க முடியாது. அங்கே பேச்சுதான் தாளவாத்தியம். எமினெம் வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் ஒலியை ஒத்துப்போக வைப்பவர் இல்லை. வரியின் நடுவில் நான்கைந்து அசைகளை அடுக்கி, அதே ஓசையை அடுத்த வரியின் நடுவில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். அந்த அடுக்கில் வசைச்சொல்லும் ஒரு செங்கல். அதை உருவினால் சுவர் நிற்காது. வானொலிக்காகச் சொற்களை வெட்டிய பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், தடுக்கித் தடுக்கி விழும்.

“அது எமினெம் இல்லை, ஸ்லிம் ஷேடி என்ற பாத்திரம் பேசுகிறது” என்பது இன்னொன்று. சில பாடல்களுக்கு இது பொருந்தும். ‘கிம்’ பாடலுக்குப் பொருந்தாது. அதில் கத்திக் கதறிக் கொல்லப்படுகிற பெண்ணுக்கு அவருடைய அப்போதைய மனைவியின் பெயர்.

எனக்கு இந்த ஆல்பம் பிடிக்கும். முழுசாக, ஒவ்வொரு சொல்லும் காதில் விழ, புரிந்துகொண்டே கேட்டுத்தான் பிடிக்கிறது. அந்த வரிகளுக்கு நான் வக்காலத்தும் வாங்க மாட்டேன். இப்படி இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் இங்கே இருந்தால், எப்படிக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

தெம்பனிஸ்தம்பி எழுதியது:

அண்ணா, அந்த ஆல்பம் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. அதில் வரும் ‘ஸ்டான்’ பாட்டு மூலமாகத்தான் உள்ளே போனேன். இப்போது தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருக்கிறேன், முகாமில் பாதிப் பேருக்கு ‘தி வே ஐ ஆம்’ மனப்பாடம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. எமினெமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விசாரணை? 2011இல் தனுஷ் நடித்த ஒரு படத்தில் காதலியை அடி, உதை என்று நண்பர்கள் கூடிப் பாடுகிற பாட்டு வந்தது. கல்யாண வீட்டில் மாமா, சித்தப்பா எல்லாரும் அதற்கு ஆடியிருக்கிறார்கள். 2015இல், பெண்களை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்ட பீப் பாடல் விவகாரம் தமிழ்நாட்டில் போலீஸ் வழக்குவரை போனது. நம்ம வீட்டுப் பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொள்கிறோம், ஆங்கிலம் என்றால் ஒழுக்கம் பேசுகிறோம்.

நான் நம்ம சிங்கப்பூர் ராப்பர் யங் ராஜாவும் கேட்பேன், தமிழ்நாட்டு ராப்பர் அறிவும் கேட்பேன், எமினெமும் கேட்பேன். எது நல்ல ராப் என்று எனக்குத் தெரியும்.

செங்காங்அக்கா எழுதியது:

தம்பி, அந்தத் தமிழ்ப் பாட்டுக்கும் நான் ஆட மாட்டேன். எனவே என்னிடம் அந்தக் கணக்கு செல்லாது.

நான் குடும்ப சேவை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். கணவன்மீது தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றம் போகிற பெண்களோடு உட்கார்ந்து மனு எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. ‘கிம்’ பாடலை ஒருமுறை முழுதாகக் கேட்டேன். அதில் அவன் கத்துகிற வரிசை எனக்குப் பழக்கமானது. முதலில் குழந்தையிடம் கொஞ்சல், அப்புறம் மனைவிமீது பாய்ச்சல், நடுவில் அழுகை, ‘உன்னால்தான் நான் இப்படி ஆனேன்’ என்ற பழி, திரும்பப் பாய்ச்சல். இதைக் கற்பனையாக எழுதிவிட முடியாது. அவ்வளவு சரியாக இருக்கிறது. அதனால்தான் என்னால் அதைக் கலை என்று ரசிக்க முடியவில்லை.

இன்னொன்று. எல்லாரும் ‘ஸ்டான்’ பாடலைப் புகழ்கிறீர்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன், கதை சொல்லும் திறமையில் அது பெரிய பாட்டு. ரசிகன் எழுதும் கடிதங்கள், பதில் வராமல் அவனுக்கு ஏறுகிற வெறி, கடைசியில் தாமதமாக வரும் பதில், பின்னால் மழைச் சத்தம், டைடோவின் குரல். ஆனால் ஸ்டானுடைய காரின் பின்பெட்டியில் அவனுடைய கர்ப்பிணிக் காதலி கிடக்கிறாளே, அவளை எத்தனை பேர் கவனித்தீர்கள்? பாட்டில் ஸ்டானுக்குப் பெயர் உண்டு. அவன் தம்பிக்கு மேத்யூ என்று பெயர். பிறக்காத மகளுக்குக்கூட என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துவிட்டான். அவளுக்குப் பெயர் இல்லை. வாய் கட்டப்பட்ட முனகல் மட்டும்தான். கேட்கிறவர்கள் எல்லாரும் ஸ்டானுக்காக அழுகிறார்கள். ‘கிம்’மிலும் கடைசியில் உடல் காரின் பின்பெட்டிக்குத்தான் போகிறது. ஒரே ஆல்பம், இரண்டு பெண்கள், இரண்டு பேரும் ஒரே இடத்தில்.

வெண்பாப்பித்தன் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ராப் எனக்கு என் மாணவர்கள் அறிமுகப்படுத்தியது. யோகி பி, நட்சத்திரா குழுவின் தமிழ் ராப் ஆல்பம் ‘வல்லவன்’ 2006இல் மலேசியாவிலிருந்து வந்தபோது, வகுப்பில் யாப்பு நடத்த எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. மோனையைக் காதால் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு சொல்வார்கள்.

வசையை ரசிப்பது தமிழனுக்குப் புதிது இல்லை. எந்தப் புலவர் எதில் வல்லவர் என்று பட்டியலிடும் பழைய தனிப்பாடல் ஒன்று, பரணிக்குச் சயங்கொண்டாரைச் சொல்கிறது, வசைபாடக் காளமேகத்தைச் சொல்கிறது. வசை ஒரு தனித்துறை, அதற்கு ஒரு மன்னன்! திருமலைராயன்பட்டினத்து ராஜாவின் அவையில் தன்னை அவமதித்தார்கள் என்று, அந்த ஊரே மண்மாரியில் அழியட்டும் என்று காளமேகம் பாடியதாகக் கதை. அதைப் படித்து யாரும் முகம் சுளிப்பதில்லை, சொல்லின் வேகத்தைப் பார்த்து வியக்கிறோம். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக்கொண்டு கூழ் சமைத்துக் காளிக்குப் படைக்கின்றன. அதன் சந்தத்துக்கு நான் இன்றும் அடிமை.

ஆனால் பட்டினத்தாரிடம் வரும்போதுதான் எனக்குச் சங்கடம். பெண்ணின் உடலை அவர் இழித்துப் பாடிய அளவுக்கு இழிவாக எந்த ராப்பரும் பாடியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பாடல்களைப் பக்தி இலக்கியம் என்று பயபக்தியோடு படிக்கிறோம். அதே பட்டினத்தார்தான் தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடிய பாடல்களில் கல்லையும் கரைக்கிறார். என் தாயார் மறைந்தபோது அந்தப் பாடல்களைத்தான் படித்தேன். ஒரு மனிதரின் நாவிலிருந்து இரண்டும் வந்திருக்கின்றன. நான் இரண்டையும் படிக்கிறேன். ஒன்றுக்காக இன்னொன்றைக் கொளுத்தவில்லை, ஒன்றின் அழகைக் காட்டி இன்னொன்றை மறைக்கவும் இல்லை.

எமினெமும் தாயைத் தூற்றிப் பாடியவர், தாய் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டார் என்று என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார். அது சரியா?

ஹீரன்மாடி எழுதியது:

சரிதான் ஐயா. 1999இல் வழக்குப் போட்டார். பிற்பாடு எமினெம் ‘ஹெட்லைட்ஸ்’ என்று தாயிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டே எழுதினார். அதன் காணொளி 2014இல் அன்னையர் தினத்தன்று வந்தது, இயக்கியவர் ஸ்பைக் லீ. பட்டினத்தாரைப் படித்துவிட்டு அதைக் கேளுங்கள்.

நான் பழைய சிடி சேர்க்கிறவன். ஆர்ச்சர்ட் சாலை ஹீரனில் எச்எம்வி கடை இருந்த காலத்தில் என் சம்பளத்தில் நல்ல பகுதி அங்கேதான் போனது. வரலாறு கொஞ்சம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்த ஆல்பம் முதல் வாரத்திலேயே 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2000 செப்டம்பரில், அப்போது துணை அதிபர் வேட்பாளராக இருந்த டிக் சேனியின் மனைவி லின் சேனி, செனட் குழுவின் முன் இதன் வரிகளைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார். அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாநில சட்ட அமைச்சர், டொரண்டோ நிகழ்ச்சிக்கு இவரை நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்றார். 2001 பிப்ரவரியில் கிராமி விழா. வெளியே ஓரினச் சேர்க்கையாளர் உரிமை அமைப்பினர் ஆர்ப்பாட்டம், உள்ளே, தன்னை ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாக அறிவித்த பாடகர் எல்டன் ஜான் எமினெமோடு சேர்ந்து ‘ஸ்டான்’ பாடுகிறார். சிறந்த ராப் ஆல்பம் விருது கிடைத்தது, ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது கிடைக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ‘ஐயாம் பேக்’ பாடலில், கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டைச் சொல்லும் இடத்தில் மட்டும், எதையும் வெட்டாத பதிப்பிலேயே ஒலியை அழித்திருக்கிறார்கள். மனைவியைக் கொல்லும் பாட்டை ஆறு நிமிடம் முழுதாக விட்ட அதே நிறுவனம்தான். எது அளவு மீறியது என்று அவர்களுக்கும் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் பெண்கள் இருந்தார்கள் என்பதுதான் செங்காங்அக்கா கேட்கிற கேள்வி.

நம் சிங்கப்பூர்க் கோடு இன்னொரு மாதிரி. 2001இல் ஜானட் ஜாக்சனின் ‘ஆல் ஃபார் யூ’ ஆல்பத்துக்கு இங்கே தடை போட்டார்கள், காரணம் பாலியல் வரிகள். 2019 மார்ச்சில் வாட்டேன் என்ற சுவீடன் நாட்டு மெட்டல் குழுவின் நிகழ்ச்சியை அன்றைய தினமே ரத்து செய்தார்கள், காரணம் சமய உணர்வு. இனம், சமயம் என்றால் நம் கோடு கறாராக இருக்கும்.

தெம்பனிஸ்தம்பி எழுதியது:

அந்த 2019ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியராக வந்தார். அதைக் கண்டித்து ப்ரீத்தி நாயரும் அவர் சகோதரர் ராப்பர் சுபாஸ் நாயரும் ஒரு ராப் காணொளி போட்டார்கள். சீனர்களைச் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை திரும்பத் திரும்ப வரும். காவல்துறை இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது. நான் அப்போது சின்னப் பையன். வகுப்பில் ‘நீ லைட் போட்டால்தான் தெரிவாய்’ என்று கேட்டு வளர்ந்தவன். அந்தக் காணொளியை எங்கள் அறையில் பூட்டிக்கொண்டு பார்த்தேன். எனக்காக யாரோ கத்தியது மாதிரி இருந்தது. என் பக்கத்து மேசை சீன நண்பன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன்.

எனக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது. அவனுக்கு அந்த வார்த்தை வலித்தது. இதில் எதைப் பொய் என்று சொல்வது?

செங்காங்அக்கா எழுதியது:

தம்பி, இது நல்ல கேள்வி. என் பதில், கோபம் யாரை நோக்கிப் போகிறது என்று பார்க்க வேண்டும். காளமேகம் திட்டியது ராஜாவை. 2018இல் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது அவர்கள் பாடியது சாதியைத் தூக்கிப் பிடிப்பவர்களை நோக்கி. அடிக்கிறவனைத் திட்டுவதும் அடிவாங்குகிறவளைத் திட்டுவதும் எனக்கு ஒன்றில்லை, இரண்டிலும் எதுகை எவ்வளவு அழகாக விழுந்தாலும்.

பட்டினத்தார் விஷயத்தில் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் பட்டினத்தார் மனைவி பெயரைச் சொல்லி அவளைக் கொல்வதாகப் பாடி லட்சக்கணக்கில் விற்கவில்லை.

மழைவாசம் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் ஓரினச் சேர்க்கையாளன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஆல்பம் வந்த சமயத்தில்தான் நான் தேசிய சேவையில் இருந்தேன். படுக்கை அறையில் யாராவது ஒருவர் ‘கிரிமினல்’ பாட்டைப் போடுவார். அதில் எங்களைத் திட்டும் சொல் வரும் இடத்தில் அறையே சேர்ந்து கத்தும். எமினெம் எங்கோ டெட்ராய்ட்டில் இருந்தார். எனக்குப் பயம் எமினெமிடம் இல்லை, பக்கத்துக் கட்டிலில் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே கத்தியவர்களிடம். அந்தக் காலத்தில், ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2022 நவம்பரில்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு ‘தி வே ஐ ஆம்’ பிடிக்கும். ஆச்சரியப்பட வேண்டாம். ‘நீங்கள் என்னை என்னவென்று முடிவுகட்டினீர்களோ அதுவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்’ என்கிற அந்த உறுமல், வீட்டிலும் முகாமிலும் நடித்துக்கொண்டே இருந்த எனக்கு எவ்வளவு பெரிய பிடிப்பு என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த ஆல்பம் என்னை மிதித்தது, அதே ஆல்பம் என்னைத் தாங்கியது. எல்டன் ஜான் அந்த மேடையில் ஏறியதைத் துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அன்றைக்கு அது பெரிய ஆறுதல்.

ஈசூன்வாசி, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கேளுங்கள், ரசியுங்கள். சேர்ந்து பாடும்போது அந்தச் சொல்லை மட்டும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். பாட்டில் அது எமினெமின் சொல். அறையில் அது உங்கள் சொல் ஆகிவிடும்.

ஈசூன்வாசி எழுதியது:

மழைவாசம், இதை இங்கே எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. நான் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. அந்தச் சொல் என் வாயில் வராது.

செங்காங்அக்கா, அந்தப் பெயரில்லாத பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ‘ஸ்டான்’ இரண்டுமுறை கேட்டேன். டைடோ பாடுவதை இத்தனை காலம் ஓர் இனிமையான இடைவெளியாகவே கேட்டிருந்தேன். இப்போது அது அந்தப் பெண்ணின் குரல் மாதிரியே கேட்கிறது. காணொளியில் ஸ்டானின் காதலியாக நடித்திருப்பவரும் டைடோதான். பாட்டில் பெயர் இல்லாதவளுக்குப் பாட்டிலேயே நிலைத்து நிற்கிற ஒரு மெட்டு இருக்கிறது. எமினெம் யோசித்துச் செய்தாரோ இல்லையோ, இனிமேல் எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான்.

ஆனாலும் ‘கிம்’ விஷயத்தில் உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. நீங்கள் அதில் கேட்டது உண்மையான வன்முறையின் வரிசை. நான் கேட்பதும் அதுதான். தமிழ்ப் படத்தில் நாயகன் பெண்ணை அறைந்தால் பின்னணி இசை அவன் பக்கம் நிற்கிறது, கைதட்டல் வருகிறது. இந்தப் பாட்டில் கைதட்ட ஓரிடமும் இல்லை. அவன் அசிங்கமாக, சின்னவனாக, அழுதுகொண்டு நிற்கிறான். அதை எழுதிய மனிதர் தன்னை அப்படிக் காட்டத் துணிந்தார் என்பதுதான் என்னைப் பிடித்து வைக்கிறது. நிஜப் பெண்ணின் பெயரை வைத்துச் செய்தது அநியாயம். அதை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது.

செங்காங்அக்கா எழுதியது:

டைடோ பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கிம்’ பற்றி நாம் வேறு வேறாகவே இருப்போம், பரவாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பத்துப் பேர் கூடும்போது அந்தப் பாட்டைப் போடுவீர்களா?

ஈசூன்வாசி எழுதியது:

மாட்டேன், அக்கா. பத்துப் பேரில் ஒருத்தி அந்த வரிசையைத் தன் வீட்டில் கேட்டவளாக இருக்கலாம். காதில் மாட்டிக் கேட்கும்போது அந்தப் பாட்டோடு நான் மட்டும் மல்லுக்கட்டுகிறேன். ஒலிபெருக்கியில் போட்டால் மற்றவர்களுக்கும் சேர்த்து நான் முடிவெடுத்துவிடுகிறேன். தீபாவளிக்கு ‘வல்லவன்’தான் போடுவேன்.

ஜூரோங்அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்குப் பதினான்கு. போன மாதம் அவன் கைப்பேசியில் இந்த ஆல்பத்தைப் பார்த்துப் பதறிப்போய்த்தான் தேடி இங்கே வந்தேன். பிடுங்கி வைத்துவிடலாம் என்றிருந்தேன். இதை எல்லாம் படித்த பிறகு, நேற்று அவனோடு உட்கார்ந்து ‘ஸ்டான்’ கேட்டேன். “காரில் இருக்கும் பெண்ணுக்கு என்ன பெயர்டா?” என்று கேட்டேன். திரும்ப முதலிலிருந்து போட்டுத் தேடினான், கிடைக்கவில்லை. “ஏன் வைக்கவில்லை?” என்று அவனே கேட்டான். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். அவன் என்னோடு அவ்வளவு நேரம் பேசி வெகு நாளாயிற்று.

இப்போது அடுத்தது என்.டபிள்யூ.ஏ. கேட்கப் போகிறானாம். அது என்ன, யாராவது சொல்லுங்களேன்.

ஹீரன்மாடி எழுதியது:

அம்மா, என்.டபிள்யூ.ஏ. ஒரு ராப் குழு. அவர்களுடைய ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பம் 1988இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் கறுப்பின இளைஞர்கள், போலீஸ் அவர்களைத் தெருவில் நிறுத்தி நடத்திய விதத்துக்குத் திருப்பிக் கொடுத்த பதில். அதில் போலீஸைத் திட்டும் பாட்டு ஒன்றுக்காக எஃப்பிஐ அதிகாரி ஒருவர் 1989இல் இசை நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். அந்தக் கோபத்தின் நியாயம் உங்கள் பையனுக்குப் புரிய வேண்டும், கூட இருந்து கேளுங்கள். பெண்களைப் பற்றிய வரிகளும் நிறைய வரும், அதையும் தாண்டிப் போகாதீர்கள்.

அந்தக் குழுவில் இருந்த டாக்டர் ட்ரேதான் பின்னாளில் எமினெமைத் தூக்கிவிட்டவர். 1991இல் அவர் டீ பார்ன்ஸ் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரைத் தாக்கினார், வழக்கில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. தான் காயப்படுத்திய பெண்களிடம் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2015இல்தான். ஆல்பத்தைக் கேட்டு முடித்ததும் பையனிடம் இதையும் சொல்லுங்கள். டீ பார்ன்ஸ் என்று பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.